மகளிர் கல்லூரியில் மொழிப் பாடங்களை வளர்ப்பது: லேப் முதலா, ஆள் முதலா?

கோரிமேடு_வாசகி

வணக்கம். சேலத்தில் ஒரு மகளிர் கலை அறிவியல் கல்லூரிக்கு அடுத்த கல்வியாண்டின் மொழித் திட்டம் எழுதும் குழுவில் இருக்கிறேன். முப்பது இருக்கை மொழி ஆய்வகம், ஒரு அயல்மொழிச் சான்றிதழ் வகுப்பு, இரண்டு புதிய ஆங்கில ஆசிரியர் பணியிடம் ஆகிய மூன்றுக்கும் நிர்வாகம் கொள்கையளவில் சரி சொல்லியிருக்கிறது. மூன்றும் ஒரே ஆண்டில் நடக்காது. எதை முதலில் கேட்பது?

மாணவிகளில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் தமிழ் வழி படித்து வந்தவர்கள். வகுப்புக்கு அறுபது பேர். ஆங்கிலத் தாளில் தேறிவிடுகிறார்கள், ஆனால் வாய் திறப்பதில்லை. தமிழிலும் ஒரு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் எழுதத் திணறுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பார்ட்_டூ

பணியிடத்தைக் கேளுங்கள் மேடம். லேப் அடுத்த ஆண்டும் கிடைக்கும், பணியிடம் ஒருமுறை தள்ளிப்போனால் போனதுதான்.

கணக்கு இது. பார்ட் ஒன் மொழியும் பார்ட் டூ ஆங்கிலமும் நான்கு செமஸ்டர், தலா வாரம் ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தின் 30 மணியில் 12 மணி மொழிக்கே போகிறது. இருபது இளங்கலை செக்‌ஷன் இருந்தால் முதலாண்டுக்கு 120, இரண்டாமாண்டுக்கு 120, ஆங்கிலத்துக்கு மட்டும் 240 மணி. உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி வரையறுத்த வகுப்பு நேரம் வாரம் 16 மணி. 240ஐ 16ஆல் வகுத்தால் 15 பேர். இதில் பி.ஏ., எம்.ஏ. மேஜர் தாள்கள் சேரவில்லை.

சேலத்தில் ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி 1961இல் வந்தது, அரசு மகளிர் கலைக் கல்லூரி 1979இல் வந்தது, பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் வந்தது. எந்தக் கல்லூரியிலும் புதுப் பட்டப்படிப்பு ஒன்று தொடங்கினால் அந்தத் துறைக்கு ஆசிரியர் கேட்டுக் கோப்பு போகும். அதே படிப்பு இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தமிழுக்கு 12 மணியும் ஆங்கிலத்துக்கு 12 மணியும் கூட்டிவிடும் என்பதைக் கோப்பில் யாரும் எழுதுவதில்லை. ஆள் போதாமல் இரண்டு செக்‌ஷனைச் சேர்த்து ஒரே ஹாலில் உட்கார வைப்பார்கள். மொழி வகுப்பு மேடைப்பேச்சாக மாறுவது இப்படித்தான். ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் இந்தப் பெருக்கல் கணக்கையே போடுங்கள். நிர்வாகம் மறுக்க முடியாத கணக்கு இது.

அடுத்தது பேசும் நேரம். ஐம்பது நிமிட வகுப்பில் வருகைப்பதிவுக்கும் அடங்கி உட்காருவதற்கும் பத்து நிமிடம் போனால் மீதி நாற்பது. அறுபது பேர் ஒவ்வொருவராக எழுந்து பேசினால் ஆளுக்கு நாற்பது வினாடி, அதுவும் ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தால். இரண்டு இரண்டு பேராகப் பிரித்தால் அதே நாற்பது நிமிடத்தில் ஆளுக்கு இருபது நிமிடம். சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பில் கணக்குப் பாடம் நடந்தால் புகார் வரும். அதனால் இந்த வகுப்புகளுக்குக் கட்டடத்தின் கோடி அறையையோ மேல்மாடியையோ முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

ஒலிக்கூடம்

ஆள் முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லேப் தொகை மார்ச்சுக்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போகும் கல்லூரிகள் உண்டு. வாங்கத்தான் வேண்டும் என்றால் இவற்றைக் கவனியுங்கள்.

மொழி ஆய்வகத்தில் முதலில் சாவது ஹெட்போன். பழைய வகை ஹெட்செட்டில் மைக்குக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என இரண்டு பின் இருக்கும். இப்போது வரும் பல கணினிகளில் முன்பக்கம் ஒரே துளைதான். இரண்டு பின்னுக்கு அடாப்டர் போட்டால் அது தளர்ந்து தளர்ந்து மைக் வேலை செய்யாது, மாணவி பேசியது பதிவாகாது. யுஎஸ்பி ஹெட்செட் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முப்பது இருக்கைக்கு முப்பத்தைந்து வாங்கி ஐந்தைப் பீரோவில் வையுங்கள். காது மெத்தை ரெக்சின் உரிந்து தலைமுடியில் ஒட்டும். கழற்றி மாட்டக்கூடிய மெத்தை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். ஒயரை மேசைக்கு அடியில் க்ளிப் போட்டுப் பிடித்துவிட்டால் நாற்காலி இழுக்கும்போது அறுந்து வராது.

இரண்டாவது மின்சாரம். மானிட்டரோடு ஒரு கணினிக்கு 100 முதல் 150 வாட் என்றால் முப்பதுக்கு 3 முதல் 4.5 கிலோவாட். இதைப் பழைய வகுப்பறையின் விளக்கு லைனில் இழுக்காதீர்கள். தனி லைன், தனி எர்த் குழி போடுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்போன் மேல் பழியைப் போட்டு எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது.

மூன்றாவது மின்விசிறி. சேலத்து ஏப்ரலில் நிறுத்தவும் முடியாது. மைக்குக்கு நேர் மேலே விசிறி வராதபடி மேசைகளைச் சுவர் ஓரமாகப் போட்டு, மாணவிகள் சுவரைப் பார்த்து உட்காரும்படி வையுங்கள். மைக் நுனிக்குப் பஞ்சு உறை கட்டாயம். சுவரில் எதிரொலி இருந்தால் கனமான திரைச்சீலையும் தரையில் தென்னைநார் விரிப்பும் போதும். விலை உயர்ந்த ஒலித்தட்டிகளை விற்பனையாளர் சொல்வார், முதல் ஆண்டில் வேண்டாம்.

நான்காவது மென்பொருள். ஆண்டு உரிமம் என்றால் இரண்டாம் ஆண்டுத் தொகை யார் கணக்கில் என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். உரிமம் முடிந்து, முப்பது கணினியும் வெறும் டைப்பிங் அறையாகக் கிடப்பதைப் பல ஊரில் பார்க்கலாம். கேட்டல், பதிவு செய்தல், ஒப்பிட்டுப் பார்த்தல் இந்த மூன்றுக்கும் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். ஆசிரியர் ஒவ்வொரு மாணவியின் காதுக்குள்ளும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றால்தான் கட்டண மென்பொருள்.

கோரிமேடு_வாசகி

ஒலிக்கூடம் சார், அறுபது பேர் வகுப்புக்கு முப்பது இருக்கை எப்படிப் போதும்?

ஒலிக்கூடம்

பாதிப் பேர் லேபில், பாதிப் பேர் வகுப்பில். இருபத்தைந்து நிமிடத்தில் மாறக் கூடாது, மாறுவதற்கே பத்து நிமிடம் போய்விடும். திங்கள் ஒரு பாதி, வியாழன் மறு பாதி என்று வையுங்கள். இதற்கு அந்த மணி நேரத்தில் இரண்டு ஆசிரியர் வேண்டும். ஆக, பார்ட்_டூ சொன்னதற்கே திரும்பி வருகிறோம்.

ஒற்று_மிகும்

எல்லோரும் ஆங்கிலத்தையே பேசுகிறீர்கள். மொழி கற்பித்தல் வளர வேண்டும் என்றால் தமிழும் அதில் உண்டு. தமிழ்த் துறைக்கு லேப் வேண்டாம் என்று எழுதாத விதியாக ஒதுக்கிவிடாதீர்கள்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் மாணவிகளில் பாதிப் பேராவது அந்தத் தேர்வை எழுதப்போகிறவர்கள். பார்ட் ஒன் தாளில் செய்யுள் பொருளும் இலக்கிய வரலாறும் மனப்பாடம் செய்து தேறிவிட்டு, வல்லினம் மிகும் இடம் தெரியாமல் வெளியே போகிறார்கள்.

செய்யக்கூடியது: வாரம் ஆறு மணியில் ஒரு மணியை எழுத்துப் பயிற்சிக்கு என்று டைம்டேபிளிலேயே பெயர் போட்டு ஒதுக்குங்கள். முதல் பதினைந்து நிமிடம் சொல்வதெழுதுதல், பத்து வாக்கியம் போதும். வலி, வளி, வழி, மனம், மணம், அரம், அறம் போன்றவை வாக்கியத்துக்குள் வர வேண்டும், தனிச் சொல்லாக வேண்டாம். மாணவிகள் தாளை மாற்றிக்கொண்டு திருத்தட்டும், ஆசிரியர் அறுபது தாளை வீட்டுக்குச் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த இருபத்தைந்து நிமிடம் ஒரு விண்ணப்பம், ஒரு புகார் மனு, ஒரு கூட்டக் குறிப்பு என்று மாற்றி மாற்றி.

சந்தியில் முப்பது விதியும் ஒரே செமஸ்டரில் வேண்டாம். முதலில் மூன்று. ‘ஐ’ உருபும் ‘கு’ உருபும் வெளிப்படையாக வந்தால் வல்லினத்துக்கு முன் மிகும்: கடிதத்தைக் கொடுத்தாள், சேலத்துக்குப் போனாள். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் மிகும். பெயரெச்சத்தின் பின் மிகாது: வந்த பெண், படித்த பாடம். ஒரு விண்ணப்பத்தில் வரும் ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மீதியை மூன்றாம் செமஸ்டருக்கு வையுங்கள்.

லேபில் தமிழுக்குத் தரவேண்டிய மணி தட்டச்சுக்கு. தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘ந்த’, ‘ங்க’ போன்ற இணைகளுக்கும் அப்படியே. உயிர் இடது கைக்கும் பெரும்பாலான மெய் வலது கைக்கும் வருவதால் தினம் அரை மணி உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் விசையைப் பார்க்காமல் அடிக்க வந்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தே பழகியவர்கள் முதல் வாரம் முரண்டு பிடிப்பார்கள், விடாதீர்கள்.

பார்ட்_டூ

ஒற்று_மிகும் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. சொல்வதெழுதுதலை ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். சேர்க்கை முடிந்ததும் வைக்கும் நிலைத் தேர்வில் அதுவே முதல் கேள்வி.

நிலைத் தேர்வு முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து வாக்கியம் சொல்வதெழுதுதல், பத்து இடம் விட்ட ஒரு பத்தி, ‘உங்கள் ஊர்’ என்று ஆறு வரி. இதை வைத்து மூன்று நிலை பிரிக்கலாம். ஆனால் துறைவாரியான டைம்டேபிளில் இந்தப் பிரிப்பு நடக்காது. மூன்று துறைகளின் பார்ட் டூ வகுப்பை ஒரே மணி நேரத்தில் போட வேண்டும். 180 மாணவிகள், நான்கு ஆசிரியர், நான்கு அறை. அப்போது கீழ்நிலைக் குழுவை முப்பது பேராகச் சுருக்கி மற்ற மூன்றையும் ஐம்பது ஐம்பதாக வைக்கலாம். குழுக்களுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் அது பட்டப்பெயராகிவிடும். ஆசிரியர் பெயராலோ அறை எண்ணாலோ கூப்பிடுங்கள்.

இதில் சிக்குவது வருகைப்பதிவேடு. வகுப்பு குழுவாரியாக நடக்கும், இன்டர்னல் மதிப்பெண்ணோ துறைவாரியாகப் போக வேண்டும். பதிவேட்டில் பெயருக்கு முன் துறைக் குறியீட்டுக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால் செமஸ்டர் கடைசியில் பிரித்து எடுப்பது எளிது.

கோரிமேடு_வாசகி

பேச்சுக்கு மதிப்பெண் இல்லாவிட்டால் மாணவிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. 75 எக்ஸ்டர்னல் முழுக்க எழுத்து. 25 இன்டர்னலில் எப்படி நுழைப்பது?

பார்ட்_டூ

அசைன்மென்டுக்கு உள்ள ஐந்து மதிப்பெண்ணைப் பேச்சுக்கு மாற்றுங்கள். பாடத்திட்டக் குழுவான போர்டு கூட்டத்தில் ஒரு வரித் தீர்மானம் போதும், பாடத்திட்டம் மாற வேண்டியதில்லை.

ஜோடியாகத் தேர்வு வையுங்கள். ஐந்து நிமிடம் வீதம் முப்பது ஜோடிக்கு 150 நிமிடம், நான்கு வகுப்பில் முடியும். காத்திருப்பவர்களுக்குக் கேட்டு எழுதும் தாள் ஒன்று கொடுத்துவிடுங்கள். சூழலைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள்: ‘புதிய பஸ் ஸ்டாண்டில் பையைத் தவறவிட்டவர், விசாரணைக் கவுன்டரில் இருப்பவர்’, ‘விடுதி அறை மாற்றம் கேட்பவர், வார்டன்’. இருபது சீட்டாவது வேண்டும். ஐந்தாறு சீட்டு என்றால் முதல் நாளே வெளியே கசிந்து, மறுநாள் வருகிறவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். மூன்றாம் நிமிடத்தில் ஆசிரியர் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டால் ஒப்பிப்பது எது, பேசுவது எது என்று தெரிந்துவிடும்.

ஐந்து மதிப்பெண்ணைப் பிரிக்க: எதிராளி சொன்னதைப் புரிந்து பதில் சொன்னதற்கு 2, தடுமாறினாலும் நிறுத்தாமல் தொடர்ந்ததற்கு 1, தானாக ஒரு கேள்வி கேட்டதற்கு 1, உச்சரிப்பு புரியும்படி இருந்ததற்கு 1. இலக்கணப் பிழைக்குக் கழிக்காதீர்கள். கழித்தால் அடுத்த முறை எல்லோரும் மூன்று சொல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு செக்‌ஷனுக்கு ஐந்து பதிவுகளை வேறு ஆசிரியர் கேட்டு மதிப்பெண் போடட்டும், வித்தியாசம் ஒன்றுக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசிச் சரிசெய்யலாம்.

தறிவீதி

நிலைத் தேர்வுத் தாளில் வீட்டு மொழி என்று ஒரு கட்டம் சேருங்கள். சேலம் ஊரில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது வீட்டில் பேசும் பிள்ளைகள் நிறைய. பள்ளியில் தமிழ் படித்ததால் பார்ட் ஒன்னில் தமிழ்தான் எடுப்பார்கள், ஆகவே கல்லூரிப் பதிவேட்டில் அந்த மொழிகள் கண்ணில் படாது. ஆங்கில உச்சரிப்புக்கு அவர்களே நல்ல துணை. தமிழில் ப ஒலி சொல் முதலில் வன்மையாகவும் நடுவில் மென்மையாகவும் இடத்தைப் பொறுத்து மாறும், இரண்டையும் வைத்துப் பொருள் மாறாது. அதனால் மாத்திரைக்கும் ரசீதுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் (pill, bill) ஒன்றாகவே காதில் விழும். தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு வீட்டிலேயே வந்துவிட்டது. ஜோடி சேர்க்கும்போது இப்படி ஒருவரையும் அப்படி ஒருவரையும் சேருங்கள்.

பயிற்சிக்கு ஒரு துண்டுத் தாள் போதும். இரண்டு விரல் அகலம் கிழித்து உதட்டுக்கு முன் பிடித்து மாத்திரைச் சொல்லைச் சொன்னால் தாள் படக்கென்று அசைய வேண்டும், ரசீதுச் சொல்லுக்கு அசையக் கூடாது. தொண்டையில் விரல் வைத்தால் இரண்டாவதில் அதிர்வு முன்னதாகவே தெரியும். சொல் முடிவில் ‘புக்கு’, ‘கேட்டு’ என்று உகரம் சேர்வதைத் தனிச் சொல்லாகத் திருத்த முடியாது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்து வைத்து ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள், உகரம் தானாக விழுந்துவிடும். ‘இஸ்கூல்’ என்பவர்களுக்கு முதலில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அப்புறம் ‘கூல்’ சேர்க்க வேண்டும்.

நாகலூர்_பக்கம்

மலையிலிருந்து வரும் பிள்ளைகளையும் கணக்கில் வையுங்கள் அக்கா. ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, அதே பஸ்ஸில் சாயங்காலம் ஏற வேண்டும். நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பக்கமெல்லாம் ஏற்காடு போய் இன்னொரு வண்டி மாற வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் வைக்கும் எந்தச் சான்றிதழ் வகுப்பும் அவர்களுக்கு இல்லாத வகுப்புதான். விருப்பம் இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள், உண்மையில் வண்டி இல்லை.

காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. வீட்டில் கை தேவைப்படும். செமஸ்டர் தொடக்கத்து டிசம்பர் வாரங்களில் பேச்சுத் தேர்வையோ ஈடுசெய்ய முடியாத லேப் பயிற்சியையோ வைக்காதீர்கள், பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். சிக்னல் எல்லா ஊரிலும் இல்லை. இணைய இணைப்பு அனுப்பினால் போதாது, கேட்கும் பாடத்தை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுங்கள். பேசிப் பதிவு செய்வதைப் போனிலேயே செய்துகொண்டு மறுநாள் கல்லூரியில் கொடுக்கலாம். இரண்டு நிமிடப் பேச்சு சாதாரணக் குரல் பதிவில் சில எம்பிதான் வரும்.

இன்னொன்று. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவதும் தமிழே, வழக்கு வேறு. வாய்மொழியில் அதைத் திருத்த வேண்டாம். எழுத்தில் பொதுத் தமிழ், பேச்சில் அவரவர் தமிழ் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பின் பெஞ்சிலிருந்து முன்னால் வருவார்கள். காப்பி, மிளகு, சாமை, தேன் சார்ந்த சொற்களை அவர்களைக் கொண்டே தொகுக்கச் சொன்னால் தமிழ்த் துறைக்கு நல்ல களப்பணி.

ஹிரகானா46

அயல்மொழிக்கு வருகிறேன். ஜப்பானியமா ஜெர்மனா என்று முடிவெடுக்குமுன் மணிக்கணக்கைப் பாருங்கள். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் கோப்புக்காக வைக்கும் 30 மணி மதிப்புக்கூட்டு வகுப்பில் எந்த மொழியும் முதல் நிலைக்கு வராது. ஜெர்மன் ஏ1 நிலைக்கு 100 முதல் 120 மணி நேர வகுப்பு வேண்டும். வாரம் மூன்று மணி என்றால் ஒரு செமஸ்டருக்கு 45 மணிதான் தேறும், ஆக மூன்று செமஸ்டர். அந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25, நூற்றுக்கு 60 தேர்ச்சி. செவிலியர் வேலைக்கு ஜெர்மனியில் கேட்பது அதைவிட மூன்று படி மேலான பி2 வரை போகும். கலைக் கல்லூரி மாணவிக்கு ஏ1 சான்றிதழ் ஒன்றே வேலை வாங்கித் தராது என்று விளம்பரத்தில் ஒளிக்காமல் போடுங்கள்.

ஜப்பானியத்தில் தமிழருக்கு வாக்கிய அமைப்பு எளிது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு போல பெயருக்குப் பின் ஒட்டும் இடைச்சொற்கள் உண்டு. ‘ஹொன் ஓ யொமிமாசு’ என்றால் ‘புத்தகத்தை வாசிக்கிறேன்’, ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்தும். குறில் நெடில், ஒற்று இரட்டித்தல் எல்லாம் நமக்குப் பழக்கம். எனவே ஆங்கிலம் வழியாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள், தமிழ் வழியாகவே கற்பியுங்கள். ஆங்கிலத்துக்குப் பயந்து பேசாமல் இருக்கும் பெண், இங்கே முதல் வாரமே வாக்கியம் சொல்லிவிடுவாள். கஷ்டம் எழுத்தில். ஹிரகானா 46, கதகானா 46, அப்புறம் கஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள். ஹிரகானாவை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டு ரோமன் எழுத்தை வகுப்பில் அறவே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் வாசிக்க வராது.

ஜப்பானியத்தின் தொடக்க நிலைத் தேர்வான என்5 180 மதிப்பெண், 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எழுத்து, இலக்கணம், வாசிப்புப் பகுதியில் 120க்கு 38ம், கேட்டலில் 60க்கு 19ம் தனித்தனியாக வேண்டும். பலர் விழுவது கேட்டலில். பேச்சுத் தேர்வே கிடையாது என்பதால் வகுப்பிலும் பேச்சை விட்டுவிடும் ஆபத்து உண்டு. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும். பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும், கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கும் மாணவிகளிடம் தேர்வு மாதத்தைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட்டால் எடுத்து வைப்பார்கள்.

ஒற்று_மிகும்

பார்ட் ஒன்னில் தமிழ் எடுக்காதவர்களை மறக்காதீர்கள். பள்ளியில் தமிழே படிக்காமல் வேறு மொழி எடுத்தவர்களுக்குப் பார்ட் ஃபோரில் அடிப்படைத் தமிழ், படித்துவிட்டு வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ், இரண்டு செமஸ்டர். ஆறேழு பேர்தான் இருப்பார்கள் என்று சுயமாகப் படிக்கச் சொல்லிவிட்டால் இறுதியாண்டில் அரியராக வந்து நிற்கும். அதற்கும் ஒரு ஆசிரியரின் இரண்டு மணியை வொர்க்லோடில் காட்டுங்கள்.

கோரிமேடு_வாசகி

எல்லோருக்கும் நன்றி. பணியிடக் கோரிக்கையை முதலில் வைக்கிறோம், 240 மணிக் கணக்கோடு. லேபில் தமிழ்99க்கு வாரம் நான்கு மணி. ஜப்பானிய வகுப்பு மதிய உணவுக்கு முந்தைய மணியில், தமிழ் வழியில், மூன்று செமஸ்டர். ஒரு சந்தேகம் மட்டும். மூன்று துறைகளை ஒரே மணியில் போட இயற்பியல், வேதியியல் துறைகள் ஒத்துக்கொள்ளவில்லை, பிராக்டிகல் இடிக்கிறது என்கிறார்கள்.

பார்ட்_டூ

பிராக்டிகல் உள்ள துறைகளை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரு அறிவியல் துறை, இரண்டு கலைத் துறை என்று கலந்து மூன்று கட்டாகப் போடுங்கள். பிராக்டிகல் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணி நேரம், அதனால் பார்ட் டூவை முற்பகல் இரண்டாம் மணியில் நிறுத்துங்கள். முதல் மணி வேண்டாம், மலைப் பிள்ளைகள் பஸ் தாமதத்தில் அதைத்தான் அதிகம் இழப்பார்கள். மற்ற துறைகள் டைம்டேபிள் போடும் முன்பே இந்த மணிகளை அடைத்துவிடுங்கள். முதல்வரிடம் கையெழுத்து வாங்கி மே மாதக் கடைசியிலேயே துறைத் தலைவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் கேட்டால் யாரும் நகர மாட்டார்கள்.